கொடி காட்டியவள் கையில் சாவி

அன்பு மகளே, நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

லீவு முடிந்து கிளம்பிய காலையில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. பொழிச்சலூர்க்காரர்களுக்குத் தலைக்கு மேல் விமானம் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். அன்றைக்கு அது போய் முடிவதற்குள் உன் டாக்சி வந்து நின்றுவிட்டது. உன் அம்மா சாப்பாட்டுப் பையை உன் கையில் திணித்தாள், டிரைவர் டிக்கியைத் திறந்தான், நீ சலாம் சொல்லிவிட்டு ஏறிவிட்டாய். "நான் பயந்தாங்கொள்ளியா அத்தா?" என்ற கேள்வி மட்டும் வாசல் கேட் அருகிலேயே நின்றுவிட்டது. பரங்கிமலை ராணுவப் பயிற்சி மைதானத்தில் தோளில் நட்சத்திரத்தோடு நீ விறைப்பாக நடந்து வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "அது என் பொண்ணு, அது என் பொண்ணு" என்று சொல்லித் தொல்லை கொடுத்தவன் நான். அந்தப் பெண் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, உன்னை அப்படிக் கேட்க வைத்தவர்கள் மேல். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ "சரி அத்தா, சரி அத்தா" என்பாய், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். "இந்தக் காலத்துல லெட்டரா? வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நடந்ததை நீ சொன்னது லீவில் வந்த மறுநாள், மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது. எந்த மலை, எந்த ஆறு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெருமழைக்குப் பிறகு உன் பொறுப்பில் இருக்கும் ஒரு பாலத்தின் அடியில் இறங்கிப் பார்த்திருக்கிறாய். மேலே தளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே ஒரு தூணின் அடியிலிருந்த மண்ணை ஆறு அரித்துக்கொண்டு போயிருக்கிறது. எவ்வளவு பாரம் போகலாம் என்று பாலத்தின் முகப்பில் மஞ்சள் வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்ணை அழித்துவிட்டு, அதைவிடச் சின்ன எண்ணை எழுதச் சொன்னாய். அன்று பார்த்துத்தானா பீரங்கி வண்டிகளைச் சுமந்துகொண்டு டிரெய்லர் வரிசை வர வேண்டும்? உனக்கு மேலே இருப்பவர் வாதாடினார். நேற்றுவரை போன பாலம்தானே என்றார். நீ அசையவில்லை. அவ்வளவு வண்டியும் திரும்பி, மலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரிகள் மெஸ்ஸில் உனக்கு "பிரேக் மேடம்" என்று பெயர். வெள்ளம் வடிந்தது, பாலம் விழவில்லை, இன்றைக்கும் நிற்கிறது. அதுதான் உன்னை உள்ளே போட்டு அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். அது விழுந்திருந்தால் உன்னை யாரும் கிண்டல் செய்திருக்க மாட்டார்கள். அடுத்த பாலத்தில் இறங்கும்போது கை நடுங்குமோ, இந்தக் கிண்டலுக்குப் பயந்து பெரிய எண்ணையே விட்டுவிடுவேனோ என்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்குத் திக்கென்றது.

போதாததற்கு உன் மாமா. பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு அவர் பேசியதை நான் மறக்கவில்லை. "நீ பார்டர்ல துப்பாக்கி புடிச்சிட்டு நிக்கறேன்னு பல்லாவரம் பூரா சொல்லி வெச்சிருக்கேன்மா. நீ என்னடான்னா பாலத்துக்கு அடியில டார்ச் அடிச்சிட்டு இருக்கியே!" என்றார். நீ சிரித்து மழுப்பினாய். விருந்துக்கு வந்த மச்சானிடம் சண்டை பிடிக்க முடியாது என்று நானும் இன்னொரு கரண்டி கறியை அவர் தட்டில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். அவ்வளவு கனமான பீரங்கி வண்டி எல்லை வரைக்கும் சொந்தக் காலிலா நடந்து போகும்? என்னோடு வேலைக்கு வரும் நம் டிரைவர் செல்வம் ஓட்டுகிற மாதிரி ஒரு டிரெய்லரின் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். மலை மேல் நிற்கிற சிப்பாய்க்கு அரிசி, மருந்து, மண்ணெண்ணெய், உல்லன் சட்டை, குண்டு எல்லாமே லாரியில்தான் போகிறது. நடுவில் ஒரு பாலம் உட்கார்ந்துவிட்டால், இந்தப் பக்கம் நிற்கும் பீரங்கியும் உன் மாமாவின் இரும்புக் கடையில் கிடக்கும் சரக்கும் ஒன்றுதான். எதிரிக்கு இது நன்றாகத் தெரியும். சண்டை என்று வந்தால் அவன் முதலில் தேடுவது பாலத்தைத்தான். வடக்கே சில நெடுஞ்சாலைகளில் போர் விமானமே இறங்கி ஏறுகிற மாதிரி நீளத்துக்குத் தளம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நான் குரோம்பேட்டையில் ஜீப்பை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அங்கே ரோட்டில் விமானம் இறங்குகிறது! துப்பாக்கி பிடிப்பவனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் அங்கே நிற்பதற்கு நீ போட்டு வைத்த வழிதான் காரணம் என்று சொல்கிறேன்.

இதை நம் குடும்பம் எல்லைக்குப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை, தாம்பரத்திலேயே தெரிந்துகொண்டது. அடையாறு ஊருக்குள் புகுந்த அந்தப் பெருமழையை உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். வரதராஜபுரத்தில் உன் சின்னம்மா கைக்குழந்தையோடு மொட்டை மாடியில். போன் செத்துவிட்டது. நானும் நீயும் ஜீப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஆரம்பிக்கிற இடம் வரை போய் நின்றோம். ராணுவ லாரிகள் படகுகளோடு வந்தன. பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. ரோடு நன்றாக இருந்ததால் சர்ரென்று வந்துவிட்டன. கடைசியில், நம் ஊரில் யாரும் பாலம் என்றே மதிக்காத ஒரு சின்ன ஓடைப் பாலத்தின் முன்னால் வந்து நின்றன. ஒரு இளம் அதிகாரி இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு கம்பை விட்டுப் பாலத்தின் அடியைக் குத்திக் குத்திப் பார்த்தார். பிறகு லாரி இதில் ஏறாது என்று கையை ஆட்டினார். கூடியிருந்த சனம் கொதித்துப்போனது. "இன்னா சார், அவ்ளோ தூரம் வந்துட்டு இங்க நின்னுகினு கீறீங்க? எங்க ஊட்டு ஜனம்லாம் மாடில கீது சார்!" என்று ஒரு அம்மா அழுதாள். நீயும் உன் பங்குக்கு என் ரெயின்கோட்டைப் பிடித்து இழுத்து, "ஆர்மின்னு பேரு, இவரு பயப்படறாரு அத்தா" என்றாய்.

அவர் காதில் அது நிச்சயம் விழுந்தது. ஒரு தரம் திரும்பி உன்னைப் பார்த்தார். ஆட்களை இறக்கி, படகுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தை நடந்தே கடக்க வைத்தார். நேரமாயிற்று. பொறுக்க முடியாத நேரம்தான். ஆனால் சாயங்கால அஸ்ர் தொழுகைக்கு பாங்கு சொல்லும் முன்னால் உன் சின்னம்மாவும் குழந்தையும் நம் ஜீப்பில் இருந்தார்கள். அந்த ஓடைப் பாலம் அன்றைக்கு லாரியைத் தாங்கியிருக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, ஏனென்றால் அவர் லாரியை ஏற்றவில்லை. ஏற்றி அது உட்கார்ந்திருந்தால் வரதராஜபுரத்துக்கு இருந்த ஒரே வழியும் போயிருக்கும், பின்னால் வந்த அத்தனை படகும் நம்மோடு கரையில் நின்றிருக்கும். நீ அவரைப் பயந்தவர் என்றாய். வீட்டுக்கு வரும் வழியில் "அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம்" என்றும் நீதான் சொன்னாய். நீ ஏன் ராணுவத்தில், அதிலும் பொறியாளர் பிரிவில் சேர்ந்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் அந்தக் கம்பை நினைத்துக்கொள்வேன். காரணம் அதுதானா என்று உன்னைக் கேட்டதில்லை.

இனி ஊரப்பாக்கத்துக்கு வருகிறேன். அந்தக் கதையை ஆயிரம் தரம் சொல்லிவிட்டீர்கள் அத்தா என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. ஆயிரத்து ஒன்றாவது தரமும் கேள். நான் பைலட். நம் வீட்டு மேலே பறக்கிற பைலட் இல்லை, பெரிய பெரிய இயந்திரங்களை ஏற்றிவரும் டிரெய்லருக்கு முன்னால் ஜீப்பில் போய் வழி சொல்லுகிற பைலட். சரக்கின் உயரத்துக்குமேல் ஒரு சாண் கூடுதலாக வெட்டிய மூங்கிலை ஜீப்பின் முன்னால் நட்டுக் கட்டிக்கொண்டு போவோம். மூங்கில் எதில் தட்டினாலும் பின்னால் வருகிற வண்டி நின்றாக வேண்டும். ஜீப்பிலிருந்து சிவப்புக் கொடி நீண்டால், டிரைவர் எப்பேர்ப்பட்ட அனுபவசாலியாக இருந்தாலும் இன்ஜினை அணைத்து, சாவியைக் கொண்டுவந்து கொடி காட்டியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவராகப் பார்த்துத் திருப்பித் தந்தால்தான் வண்டி நகரும். டிரைவர் முறுக்கிக்கொண்டு நகர்த்திவிடக் கூடாது, முதலாளி போனில் அவசரப்படுத்தினாலும் நகர்த்தக் கூடாது என்பதற்காக நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு, அது அவ்வளவு புத்திசாலித்தனமானது இல்லை. மறைமலை நகருக்குப் போகிற சரக்கென்றால் வண்டலூர் டீக்கடையில் மூங்கிலை அவிழ்த்துவிடுவோம். அதற்கு மேல் எல்லாப் பாலமும் எங்களுக்கு மனப்பாடம், போர்டில் எழுதியிருக்கும் உயரமும் மனப்பாடம் என்கிற தெம்பு.

கல்லூரி லீவில் நீ கூட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் அவிழ்த்துவிட்டேன். பின்னால் செல்வம் ஓட்டிவந்த டிரெய்லரில் கார்த் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு ராட்சத பிரஸ் மிஷின். ஊரப்பாக்கம் தாண்டி அந்த நடைமேம்பாலம் கண்ணில் பட்டது. நான் வடையை மென்றுகொண்டிருந்தேன். நீ என்னைக் கேட்கவில்லை, என் காலடியிலிருந்த சிவப்புக் கொடியை உருவி ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாய். டிரெய்லர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. "என்னம்மா இது!" என்று நான் கத்தினேன். "அத்தா, ரோட்டைப் பாருங்க. வெள்ளைக் கோடே இல்ல, புதுசா தார் போட்டிருக்காங்க" என்றாய். அதற்குள் செல்வம் இறங்கி வந்துவிட்டான். "யாரு கொடி காட்னது?" என்றான். "நான்தாண்ணா." அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்திருந்தால் சாவியோடு திரும்பியிருப்பான். நான் குனிந்து ரோட்டைப் பார்த்தேன். அவன் முகம் கடுகடுவென்று இருந்தது, ஆனால் சாவியை உன் உள்ளங்கையில் வைத்துவிட்டான். "காட்னது யாரோ அவங்க கைலதான் சாவி. பாரு பாப்பா, சீக்கிரம் பாரு" என்றான்.

பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. போக்குவரத்துக் காவலர் விசிலோடு ஓடிவந்தார். நீ சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நீயாகவே மூங்கிலை எடுத்து ஜீப்பில் கட்டினாய். பாலத்துக்கு அடியில் ஜீப்பை மெல்ல நகர்த்தினேன். டொக்கென்று மூங்கில் உத்தரத்தில் இடித்து வளைந்தது. இறங்கி ஒட்டி அளந்தோம். ஒரு சாண் கூடுதலைக் கழித்த பிறகும் மிஷின் இடித்திருக்கும். பழைய ரோட்டின் மேலேயே புதுத் தாரைக் கனமாகப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, போர்டில் பழைய உயரம் அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற சனம் மேலே நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கச் சாலையில் இன்னும் புதுத் தார் போடவில்லை என்பதால், காவலர் உதவியோடு வண்டியை அந்தப் பக்கமாகத் திருப்பிக் கொண்டுபோனோம். அன்றைக்குப் பிறகு நாங்கள் யாரும் வண்டலூரில் மூங்கிலை அவிழ்ப்பதில்லை. வேலை முடியும் இடத்தில்தான் அவிழ்க்கிறோம். அந்த வழக்கத்தை மாற்றியவள் நீ. எங்கள் சங்கத்துப் பையன்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் என் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நமக்கு அளந்து பார்க்க மூங்கில் இருந்தது. டொக்கென்று சத்தம் கேட்டதும் ஹாரன் அடித்தவன்கூட அடங்கிவிட்டான். உன் மலைப் பாலத்தில் அந்த வசதி இல்லை. தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்றால் வண்டியை ஏற்றித்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்ப்பவன் பைத்தியக்காரன். ஆகவே நீ நிறுத்தியது சரிதான் என்று யாராலும் உனக்கு நிரூபித்துக் காட்ட முடியாது. என்னாலும் முடியாது. இதை எப்படி உனக்குச் சொல்வது என்றுதான் நீ போனதிலிருந்து முழித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா "துஆ செய்யுங்க, எல்லாம் சரியாகும்" என்றாள். செய்தேன். பதில் செல்வத்தின் வாயிலிருந்து வந்தது.

நேற்று அவனோடுதான் வேலை. வண்டலூர் டீக்கடையில் மூங்கிலை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தோம். "பாப்பா எப்டி கீது பாய்?" என்று கேட்டான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ஊர் பெயர் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக் மேடம் என்பதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எரிச்சலாகிவிட்டது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"அத்த வுடு பாய். பாப்பா வாணாம்னுச்சு. வண்டி அத்தினியும் திரும்புச்சா, இல்லியா?"

"திரும்புச்சுப்பா."

"ஆங். அப்போ சாவிய குடுத்துட்டானுங்க. அப்பால இன்னா வோணா பேசிக்கினு போட்டும், உனுக்கு இன்னா பேஜாரு? நானும்தான் அன்னிக்கு ஊரப்பாக்கத்துல பாப்பாவ வாய்க்கு வந்தபடி திட்னேன், கேபின்ல குந்திகினு. உனுக்குத் தெர்யாது. வூட்டுக்குப் போற வரைக்கும் திட்டிகினே போனேன். திட்டிகினேதான் எம் பொண்டாட்டி போட்ட சோத்தத் துன்னேன்."

அவன் டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டான். அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் வைத்தார்கள், சிரித்தார்கள் என்பதையே நீயும் நானும் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தோம். உன்னைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர் வாதாடினார், கடைசியில் உன் ஒரு சொல்லுக்குத்தானே அந்த வரிசை முழுவதும் மலைப் பாதையில் திரும்பியது? அது நம் கண்ணில் படவே இல்லை. உன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். அடுத்த பாலத்திலும் இறங்கு, அடியில் டார்ச் அடி, தாங்கும் என்றால் பெரிய எண்ணை எழுது, சந்தேகம் என்றால் சின்ன எண்ணை எழுது. கை நடுங்கினால் நடுங்கட்டும், எண் தெளிவாக இருந்தால் போதும்.

அந்த டிரெய்லர்களை ஓட்டி வந்தவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தான். அன்றைக்கு ஒரு நாள் முழுக்க மலையைச் சுற்றி, இடுப்பு ஒடிந்து, முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, தட்டைப் போட்டு உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். திட்டிக்கொண்டே சாப்பிட்டிருப்பார்கள், மகளே. ஒருவர் விடாமல் எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள்.

உன் அத்தா